வாழைப்பழ மணமும் சில சிவப்பணுக்களும்

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் வாழைக்காய் மண்டியைக் கடக்க நேரும். பழுத்த தார்களைத் தொங்கவிட்டிருக்கும் கடைகளின் வரிசை தொடங்கும் இடத்தில், நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு வந்த பேச்சு நின்றுவிடும். ஒருவர் நிறுத்தியதால் மற்றவர் நிறுத்துவதில்லை. இருவருக்கும் ஒரே சமயத்தில் நின்றுபோகும். உடன் வரும் அம்மா முதற்சில ஆண்டுகள் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தபின் ஒருமுறை, "என்ன கண்ணு, ரெண்டு பேரும் ஒரேயடியா ஊமையாயிட்டீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றோம். அது பொய். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் எலிக்கு என்ன வேலை என்று எண்ணும் நண்பர்கள் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஐசோஅமைல் அசிட்டேட் என்றொரு வேதிப்பொருள் உண்டு. நிறமற்றது; பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும். கனிந்த வாழைப்பழத்தின் மணத்தில் பெரும்பங்கு இதனுடையது. மிட்டாய்களுக்கு வாழைப்பழ மணமூட்டவும் இதைத்தான் சேர்க்கிறார்கள். 2004 முதல் 2008 வரை, அமெரிக்காவின் வடகிழக்கில் பனி மிகுந்த ஒரு நகரத்தில், ஒரே ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஆய்வு மாணவர்களாக இருந்தோம். எங்கள் மேசையில் வரிசையாக நின்ற எட்டுப் புட்டிகளில் மூன்றாவதில் இருந்தது இந்த மணம். மயங்கிக் கிடக்கும் சுண்டெலியின் மூக்கருகே சில நொடிகள் ஒரு மணத்தைச் செலுத்த வேண்டும். அப்போது அதன் மூளையில் இரத்த ஓட்டம் எங்கே, எவ்வளவு மாறுகிறது என்று அளக்க வேண்டும். நான்காண்டுகள் எங்கள் பணி இதுவே.

அந்நாட்களில் வெளிநாட்டு அழைப்புக்கென விற்கும் அட்டையில் மீதமுள்ள நிமிடங்களை எண்ணிக்கொண்டேதான் அம்மாவுடன் பேசுவோம். என்ன ஆராய்ச்சி என்று அவர் கேட்க, ஒரு வரியில் சொன்னோம். ஒரு வரியில் சொன்னால் எதுவும் நகைப்புக்கிடமாகத்தான் தொனிக்கும். "எலிக்கு மோந்து காட்டறதுக்கா கண்ணு இத்தனை தூரம் போனீங்க? நம்மூட்டுப் பரண் மேலயே வேணுங்கற அளவுக்கு இருக்குதே" என்றார். எலிக்கு மணம் காட்டும் கலையில் அவர் எங்களைவிட மூத்தவர். பொறியில் வைக்கும் தேங்காய்ச் சில்லைத் தணலில் வாட்டி, ஓரம் கருகியபின்தான் கொக்கியில் குத்துவார். பச்சையாக வைத்தால் வாசம் எட்டாது என்பார். மணத்தால் எலியை வரவழைப்பது அவரது பொறி. மணத்தால் எலியின் இரத்தத்தை வரவழைப்பது எங்கள் கருவி. இரண்டுக்கும் இடையிலிருந்த உறவு அப்போது எங்களுக்கு வேடிக்கையாக மட்டுமே பட்டது.

இரத்தத்தை ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை எளியது. மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு. ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது உட்கொள்ளும் உயிர்வளியில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. இத்தனை செலவாளிக்குச் சேமிப்பு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. எந்த மூலையில் வேலை நடக்கிறதோ அந்த மூலைக்கு அவ்வப்போது இரத்தம் வந்தாக வேண்டும். ஆகவே இரத்தம் எங்கே கூடுகிறது என்று கண்டால், வேலை எங்கே நடக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்த ஊகத்துக்கு வயது நூற்றைம்பதை நெருங்குகிறது. இத்தாலியில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்னும் உடலியங்கியல் அறிஞர், தலையில் அடிபட்டு மண்டையோட்டில் துளை விழுந்திருந்த ஓர் உழவரின் மூளைத் துடிப்பைக் கருவியால் பதிவுசெய்தார். தேவாலய மணி ஒலித்ததும் கையின் நாடித்துடிப்பு மாறாதிருக்க, மூளையின் துடிப்பு மட்டும் உயர்ந்ததை அவர் கண்டார். 1890இல் இங்கிலாந்தின் ராய், ஷெரிங்டன் இருவரும் மயக்கமுற்ற விலங்குகளில் சோதித்து, மூளை தன் வேலைக்கேற்பத் தன் இரத்த வரத்தைத் தானே சீர்செய்துகொள்கிறது என்று எழுதினார்கள். வேலையின்போது உண்டாகும் வேதிப்பொருள்களே குழாய்களை விரியச் செய்கின்றன என்பது அவர்கள் கருத்து. அந்த வேதிப்பொருள் எது, எந்த அணுவின் வழியாக அது வேலை செய்கிறது என்ற கேள்வி, நூறாண்டு கடந்து எங்கள் மேசைவரை வந்திருந்தது.

பார்வை, கேள்வி, தொடுகை என்று எத்தனையோ புலன்கள் இருக்க மணத்தை ஏன் தெரிவுசெய்தார்கள்? மணத்துக்கு மூளையில் தெளிவான முகவரி இருப்பதே காரணம். லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991இல் மணம் பற்றும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். நாங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த 2004ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. சுண்டெலிக்கு இத்தகைய ஏற்பிகள் 1,000க்கு மேல். நமக்குச் செயல்படுபவை ஏறக்குறைய 400. மூக்கின் உட்பரப்பில் சிதறிக் கிடந்தாலும், ஒரே வகை ஏற்பியைத் தாங்கிய நரம்பணுக்கள் யாவும் தம் இழைகளை மூளையின் முன்னுனியிலுள்ள முகர்குமிழில் ஓரிரு புள்ளிகளுக்கே அனுப்புகின்றன. குளோமெருலஸ் எனப்படும் அந்த நுண்ணுருண்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அகலமுடையது. சுண்டெலியின் ஒரு குமிழில் இவை ஏறத்தாழ 2,000. ஒரு மணம் வந்தால் சில உருண்டைகள் விழிக்கும். வேறொன்று வந்தால் வேறு சில. ஊரில் விழாவன்று எந்தத் தெருவில் விளக்கெரிகிறது என்பதைக் கொண்டே எந்தக் கோயிலில் விழா என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதைப் போல.

இந்த விளக்குகளை முதலில் கண்டவர்கள் இரத்தத்தைக் கொண்டு காணவில்லை. சர்க்கரையைக் கொண்டு கண்டார்கள். 1975இல் ஷார்ப், காவர், ஷெப்பர்ட் ஆகியோர் கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையை எலிக்குச் செலுத்தி, அமைல் அசிட்டேட் மணத்தை முகரவைத்தார்கள். பின்னர் எலியைக் கொன்று, குமிழைச் சீவி, படச்சுருளில் பதித்துப் பார்த்தபோது, சர்க்கரை மிகுதியாகச் சேர்ந்த புள்ளிகள் கருத்துத் தெரிந்தன. ஓர் எலிக்கு ஒரு படம். அதற்குமேல் அந்த எலியிடம் கேட்க இயலாது. 1990இல் பெல் ஆய்வகத்தின் செய்ஜி ஒகாவா, உயிர்வளியை இழந்த இரத்தம் காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கும் என்னும் பண்பைப் பயன்படுத்தி, எலி மூளையின் இரத்த நாளங்களை எம்.ஆர்.ஐ. படத்தில் காட்டினார். 1998இல் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் அதே முறையில் ஐசோஅமைல் அசிட்டேட்டை எலிக்குக் காட்டி, முகர்குமிழ் விழிப்பதை எலியின் உயிர் போகாமலே படமாக்கினார்கள். 2003இல் பாரிஸில் செர்ஜ் ஷார்பாக்கின் குழு இன்னும் ஒருபடி இறங்கி, லேசர் நுண்ணோக்கியின் கீழ் ஒற்றை நுண்ணுருண்டைக்குள் ஓடும் ஒற்றைத் தந்துகியில் சிவப்பணுக்களையே பார்த்துவிட்டது. நாங்கள் கற்றுக்கொண்டது இந்தப் பாரிஸ் முறையைத்தான்.

எங்கள் இரவு இப்படித் தொடங்கும். சுண்டெலிக்கு யூரிதேன் என்னும் மயக்க மருந்தை ஏற்றுவோம். உடற்சூடு 37 பாகையில் நிற்குமாறு ஒரு சிறு வெப்பமெத்தையில் கிடத்துவோம். இரு கண்களுக்கும் இடையே, முகர்குமிழுக்கு மேலுள்ள எலும்பைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கி ஒரு சன்னல் திறப்போம். பூச்சியின் சிறகை உரிப்பது போன்ற அந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் தும்மல் வந்தால் முடிந்தது கதை. பிறகு வாலிலுள்ள நாளத்தில் ஒளிரும் சாயத்தைச் செலுத்துவோம். சாயம் இரத்தநீரில் மட்டும் கலக்கும், சிவப்பணுக்களுக்குள் புகாது. ஆகவே நுண்ணோக்கியில் தந்துகி ஒளிரும் வாய்க்காலாகவும், சிவப்பணுக்கள் அதில் மிதந்து செல்லும் கருநிழல்களாகவும் தெரியும். லேசரை அந்த வாய்க்காலின் நீளவாட்டில் மீண்டும் மீண்டும் ஓட்டினால், ஒவ்வொரு சிவப்பணுவும் திரையில் ஒரு சாய்கோட்டை இழுத்துச் செல்லும். கோட்டின் சாய்விலிருந்து வேகம். கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து வரத்து. நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்னும் நடையில் அவை போய்க்கொண்டிருக்கும்.

அறையில் சிறு வெளிச்சமும் கூடாது. ஒளியுணரிகள் அத்தனை கூர்மையானவை. கருந்திரை இழுத்து, கதவிடுக்கில் நாடா ஒட்டி, கணினித் திரைக்கும் சிவப்புத் தாள் போர்த்தி அமர்ந்திருப்போம். வால்வு 'டிக்' என்று திறக்கும். வாழைப்பழ மணம் நான்கு நொடி. எங்கள் மூக்குக்கு எட்டாதபடி உறிஞ்சுகுழாய் ஒன்று உண்டு; ஆயினும் சற்றே எட்டிவிடும். மணம் வந்து ஓரிரு நொடி கழித்துத் திரையில் கோடுகள் நெருங்கத் தொடங்கும், சாய்வு மாறும். பக்கத்து உருண்டையில் அசைவே இராது. வேறொரு மணத்துக்கு அது அசையும், இது கிடக்கும். முதன்முறை அதைக் கண்டபோது இருவரும் ஒருவர் கையை மற்றவர் இறுகப் பிடித்துக்கொண்டோம். திருமணத்துக்கு முந்தைய காலம் அது. அந்த இருட்டுக்கு எங்கள் வாழ்வில் வேறு பங்கும் உண்டு.

தமிழில் 'நாற்றம்' என்ற சொல் முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது, இன்று தீமணத்தை மட்டும் குறிக்கிறது என்பதை இங்குள்ளோர் அறிவர். சுண்டெலியின் குமிழில் ஓடும் இரத்தம் இவ்வகையில் பழந்தமிழ் பேசுவது. அழுகலுக்கும் கனிக்கும், நரிக்கும் தாய்க்கும் இரத்தம் கூடும் விதம் ஒன்றே. கூடும் இடம்தான் வேறு. விலங்கு அதை விரும்பிற்றா, அஞ்சிற்றா என்று அந்தச் சாய்கோடுகளைக் கொண்டு நாங்கள் ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது.

2006ஆம் ஆண்டின் குளிர்கால இரவொன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் இடையிடையே வெற்றுச்சுற்றுகள் உண்டு. வால்வு திறக்கும், மணமில்லாத காற்று மட்டும் வரும். அப்போது இரத்தம் மாறக் கூடாது. மாறினால் கருவியில் கோளாறு என்று பொருள். அன்று நள்ளிரவுக்குப் பின் ஒரு வெற்றுச்சுற்றில் கோடுகள் நெருங்கின. வால்வு கசிகிறது என்று எண்ணி அதைக் கழற்றி மாட்டினோம். மறுபடியும் நெருங்கின. குழாயை மாற்றினோம். அடுத்த சுற்றில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் மீண்டும் வந்தது. ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. பிறகு எங்களுள் ஒருவர் மெல்லக் கேட்டார்:

"மூச்சு சரியா இருக்கான்னு இப்ப குனிஞ்சு பாத்தியா?"

"பாத்தேன்."

"போன சுற்றுல?"

"பாக்கல."

சாப்பாட்டு இடைவேளையில், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சாம்பார் சாதத்தைக் கரண்டியால் உண்ணப் பொறுமையின்றிக் கையால் உண்டிருந்தோம். எத்தனை கழுவினாலும் விரலில் பெருங்காயம் தங்கிவிடும் என்பது நம்மவர் அறிந்ததே. கையுறை அணிந்திருந்தோம், மூச்சுக்கு உறையேது? நான்கு முறை குனிந்தும் நான்கு முறை குனியாமலும் சோதித்தோம். குனிந்த நான்கில் மூன்று முறை அந்த உருண்டை விழித்தது. குனியாதபோது ஒருமுறையும் விழிக்கவில்லை. அதை எந்த இதழும் ஏற்காது. கட்டுப்பாடுகளற்ற, இரவு இரண்டு மணிச் சோதனை. எங்கள் ஆய்வேட்டில் அந்தச் சுற்றுகள் இல்லை. 'மாசு' என்று குறித்து நீக்கிவிட்டோம்.

ஆயினும் எங்களுக்குத் தெரியும். இரண்டாண்டுகள் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிரவு அது எங்களை முகர்ந்தது. வாழைப்பழம், ஆப்பிள், கிராம்பு என்று நாங்கள் எழுதிவைத்த பட்டியலுக்கு வெளியே, அந்த அறையில் உண்மையிலேயே இருந்த இரு உயிர்களைப் பற்றிய செய்தி அதன் மூக்கில் நுழைந்து, அரை கிராம்கூட எடையில்லாத அதன் மூளையில் தனக்குரிய இடத்துக்குச் சென்று, அங்கே இரத்தத்தை வரவழைத்தது. அந்த அறையில் அதற்கு நாங்களும் ஒரு மணமாக இருந்தோம்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சோதனை முடிந்தது. யூரிதேன் நீண்ட நேரம் சீராக மயக்கம் தருவது. அதனால்தான் இத்தகைய சோதனைகளில் அது விரும்பப்படுகிறது. ஆனால் அது புற்றுநோய் விளைப்பது. யூரிதேன் கொடுத்த விலங்கை மீண்டும் விழிக்கவிடுவதில்லை என்பது விதி. மயக்கத்திலேயே மருந்தின் அளவைக் கூட்டிவிடுவோம். சுண்டெலி எதையும் அறிவதில்லை. திரையில் கோடுகள் விலகிவிலகி, சாய்வு குறைந்து, கடைசியில் சிவப்பணுக்கள் வாய்க்காலில் நின்றுவிடும். கணினியை முதலில் அணைத்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். நாங்கள் அன்று அணைக்கவில்லை. அணு நின்றபின் விளக்கைப் போட்டோம். மேசைமீது மூன்றாம் புட்டியின் மூடி சரியாக மூடப்படாதிருந்ததால் அறை முழுவதும் வாழைப்பழம் மணத்தது.

அதுவரை அந்த வேலையை முறைவைத்துச் செய்துவந்தோம். அன்றைக்குப் பின் எங்களுள் ஒருவருக்கு அது இயலாமற் போயிற்று. மற்றவர் இருவர் பங்கையும் செய்தார். இது குறித்து எங்களுக்குள் எழுந்த பூசல் சிறியதன்று. "நமக்கு இதுல என்னதான் தெரிஞ்சுது?" என்று ஒருவர் கேட்க, "தெரியாம இருந்தா ஆஸ்பத்திரில எடுக்கற மூளைப் படத்த எவன் நம்புவான்?" என்று மற்றவர் கேட்பார். இரண்டும் நேர்மையான கேள்விகள். மனிதருக்கு எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் வண்ணப் புள்ளிகள் நரம்பணுக்களின் பேச்சைக் காட்டுபவை அல்ல. அப்பேச்சைத் தொடர்ந்து சில நொடி தாழ்த்து வரும் இரத்தத்தின் விளைவைக் காட்டுபவை. பேச்சுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள கணக்கு தெரியாவிட்டால் அந்தப் படங்களைப் படிக்கத் தெரியாது. பக்கவாதத்திலும் முதுமை மறதியிலும் அந்தக் கணக்கே பிசகிவிடுகிறது. சுண்டெலிகளின்றி அதைக் கண்டறிய வேறு வழி அன்று இருந்ததாக நாங்கள் கருதவில்லை. இன்றும் முழுமையாக இல்லை.

2008இல் அந்தக் கணக்கின் ஒரு பகுதி வெளிவந்தது. எங்கள் கையால் அன்று. சென்னை ஐஐடியில் பயின்ற வெங்கடேஷ் மூர்த்தியின் ஹார்வர்டு ஆய்வகத்திலிருந்து, பெட்சோல்ட் முதலானோர் எழுதிய கட்டுரை. மூக்கிலிருந்து வரும் இழைகள் நுண்ணுருண்டையில் குளூட்டமேட் என்னும் பொருளைச் சிந்துகின்றன. அதைப் பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட் என்னும் விண்மீன் வடிவத் துணையணுக்கள் உணர்ந்து, தாம் பற்றியிருக்கும் நுண்தமனியை விரியச் செய்கின்றன; இரத்தம் பெருகுகிறது. எங்களை நிறுத்தி வாசிக்கவைத்தது இன்னொரு வரி. செய்தியைப் பெறும் நரம்பணுக்களை அந்த இடத்தில் மருந்தால் அடக்கிவிட்டாலும் இரத்தம் பெருகத்தான் செய்கிறது. அதாவது, முகர்குமிழில் இரத்தம் காட்டுவது மணம் வந்து சேர்ந்தது என்பதை. தபால்காரர் கதவைத் தட்டியதும் வீட்டில் விளக்கு எரிகிறது. உள்ளிருப்பவர் கடிதத்தைப் பிரித்தாரா, படித்து அழுதாரா, மடித்து வைத்தாரா என்பது அந்த விளக்கில் தெரியாது.

கட்டுரையை அச்செடுத்து இரவு உணவு மேசையில் வைத்துப் படித்தோம். பூசல் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. இருவருக்கும் பொதுவான ஒரு வரி கிடைத்தது என்று சொல்லலாம். பெருங்காய இரவில் நாங்கள் வந்து சேர்ந்தோம் என்பது வரை எங்களுக்குத் தெரியும். அதற்கப்பால், எங்களை அது என்னவாகக் கொண்டது என்பது அந்தக் கருவியால் அறிய முடியாதது.

அந்த அப்பாலை எட்டிப் பார்த்த ஆய்வொன்று பின்னர் வந்தது. அட்லாண்டாவில் எமோரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ், நாய்களை மயக்காமலும் கட்டாமலும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாது படுத்திருக்கப் பழக்கினார். போலிக்கருவியில் மாதக்கணக்கில் பயிற்சி, இரைச்சலுக்குக் காதடைப்பு, மோவாயை வைக்க ஒரு தாங்கி. 2012இல் முதல் முடிவு வெளியானது. காப்பகத்திலிருந்து அவர் எடுத்து வளர்த்த காலி என்னும் நாய் முதல் இருவருள் ஒன்று. பிடிக்காவிட்டால் எந்த நாயும் எழுந்து வெளியேறலாம் என்பது அங்கே விதி. 2015இல் அச்சான கட்டுரையில் 12 நாய்களுக்கு ஐந்து மணங்களைக் காட்டியிருந்தார்கள்: அறிந்த மனிதர், அறியாத மனிதர், அறிந்த நாய், அறியாத நாய், தன் சொந்த மணம். முகர்குமிழ் ஐந்துக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழித்தது. நன்மையை எதிர்நோக்கும்போது விழிக்கும் காடேட் என்னும் பகுதியோ, அறிந்த மனிதரின் மணத்துக்கே மிகுதியாக விழித்தது. அந்த மனிதர் அப்போது அருகில் இல்லை. பஞ்சுத் துணியில் ஒற்றியெடுத்த அவரது வியர்வை மட்டுமே இருந்தது.

இதை அன்பு என்று சொல்லிவிட எங்கள் பயிற்சி இடந்தராது. காடேட்டில் இரத்தம் கூடுவதற்கு உணவின் நினைவும் காரணமாகலாம். மேலும், நாயின் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒற்றைத் தந்துகியோ ஒற்றைச் சிவப்பணுவோ தெரியாது. பெட்சோல்ட் கண்டதை அந்த நாய்களிடம் ஒருபோதும் கண்டிருக்க முடியாது. ஆனால் எழுந்து போகலாம் என்ற விதியை வாசித்தபோது எங்களுள் ஒருவர் தாளை மேசைமேல் வைத்துவிட்டுச் சற்றுநேரம் சன்னலருகே போய் நின்றார். எங்கள் மேசையில் கிடந்த எந்த உயிருக்கும் அந்த உரிமை இருந்ததில்லை.

எங்களுள் ஒருவர் இப்போது கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறார். மற்றவர் ஆய்விலேயே இருக்கிறார். விழித்திருக்கும் சுண்டெலிகளோடுதான் வேலை. நெடுநாள் பழக்கி, சுழலும் உருளைமேல் நடக்கவிட்டு அளப்பது. தேவையான அளவுகள் கிடைத்ததும் அவற்றின் முடிவும் அதேதான். அதை அவர் மறைப்பதில்லை.

மண்டிக்கருகே ஊமையாகிவிடும் காரணத்தை 2017இல் ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவிடம் சொன்னோம். அவர் அடுப்படியில் தேங்காய்ச் சில்லை வாட்டிக்கொண்டிருந்தார். பெருங்காய இரவை மட்டும் இரண்டுமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அதுக்கு உங்க வாசம் தெரிஞ்சிருக்குது. உங்களுக்கு அதும் வாசம் தெரியுமா?" என்றார். தெரியும். மரத்தூளும் மூத்திரமும் கலந்த வெதுவெதுப்பான ஒரு வாடை அது. துவைத்தபின்னும் எங்கள் மேலங்கியை விட்டுப் போனதில்லை. சொன்னோம். தலையாட்டிக்கொண்டே சில்லைக் கொக்கியில் குத்தினார்.

மறுநாள் காலையில் பொறியில் ஒரு சுண்டெலி இருந்தது. வழக்கமாக வாளித் தண்ணீரில் பொறியை அமிழ்த்துவார். அன்று எதுவும் சொல்லாமல் பொறியை எங்களிடம் நீட்டினார். வாய்க்காலைத் தாண்டிச் சோளக்காட்டு வரப்புவரை எடுத்துச் சென்று கதவைத் திறந்து வைத்தோம். அது உடனே ஓடவில்லை. திறப்பில் மூக்கை நீட்டி, மீசை துடிக்க, முகர்ந்துகொண்டே நின்றது. எங்கள் மூச்சு எட்டாதபடி இருவரும் காற்றுக்கு எதிர்ப்புறமாக நகர்ந்து நின்றோம். சில நொடிகளில் அது பயிருக்குள் மறைந்தது.

"நாளைக்கே திரும்பி வந்துரும் பாருங்க" என்றார் அம்மா, வெறும் பொறியை வாங்கிக்கொண்டு. அடுத்த நாளும் பொறியில் ஒன்று விழுந்தது. அதே சுண்டெலியா என்று கேட்டார். நான்காண்டுகள் சுண்டெலி மூளையின் இரத்தத்தை அளந்தவர்கள் நாங்கள். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.